ஒற்றைக் கைக் குடித்தனம்

ஜூன் 4

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கிறது. நேற்றுக் காலை குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. முப்பத்தாறு வருடம் நர்ஸாக இருந்து, கை ஒடிந்து வந்தவர்களுக்கெல்லாம் "இது ஒண்ணுமே இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு பெரிய புளுகு.

ஜூன் 5

பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். பால் முகத்துக்கும் நைட்டிக்கும் போயிற்று. காபி கிடையாது.

ஜூன் 7

எழுத்து இன்று கொஞ்சம் தேவலை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்குத் தேறியிருக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு மணிவாசகம் போன் செய்தான். என் அக்கா கமலத்தின் மகன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். மூன்று வருடமாகத் தினம் எட்டு மணிக்குப் போன் செய்கிறான். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கத்தான், வேறு ஒன்றும் இல்லை. போன் ஏழு தடவை அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் குரல் நடுங்க ஆரம்பித்துவிடும்.

"சித்தி, அறுபத்தேழு வயசுல கைய ஒடச்சுக்கிட்டு தனியா என்ன பண்றீங்க?"

"இடது கையால மூக்கச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கேன். உனக்கு என்ன வேணும்?"

"விளையாடாதீங்க. பாத்ரூம்ல எப்படி விழுந்தீங்க?"

"அழகா விழுந்தேன்."

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வரேன். உங்ககிட்ட பேசணும்."

அவன் 'பேசணும்' என்றால் எனக்கு மலம் கட்டிக்கொள்கிறது.

ஜூன் 9

ஒற்றைக் கையால் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கற்றுக்கொண்ட வரை சொல்கிறேன். துணியை வாளியில் ஊறவைத்துக் காலால் மிதிக்கலாம். பாட்டுக் கச்சேரிக்குத் தாளம் போடுவது போல நன்றாகவே இருக்கிறது. பிழியத்தான் முடியாது. குழாயில் சுற்றி முறுக்க வேண்டும். அரிவாள்மனையில் கத்திரிக்காய் நறுக்கலாம், பூசணி முடியாது. தேங்காய் துருவ நினைப்பது பாவம். புடவைக்கு இரண்டு கை வேண்டும் என்பதால் மூன்று நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாகக் காலம் ஓடுகிறது. ஜாக்கெட் கொக்கியைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பான்.

பார்க்க வந்த பழைய ஆஸ்பத்திரித் தோழி, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, "ஒரு பிரிட்ஜாவது வாங்கலாமே நவநீதம்" என்றாள். இந்த ஒரு அறை, ஒரு ஹால், ஒரு சமையலறை மாடி வீட்டில் பதினேழு வருடமாக இருக்கிறேன். பிரிட்ஜ் இல்லை, டி.வி. இல்லை, புருஷன் இல்லை. மூன்றும் இரைச்சல் போடும், மூன்றையும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தினம் உறையூர் மார்க்கெட்டுக்குப் போய் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்குகிறேன். மிச்சம் வைக்கிறதில்லை, பழசு தின்கிறதில்லை. இதைத்தான் இப்போது என்னென்னவோ பெயர் வைத்து மேடையில் பேசுகிறார்களாம். நான் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன்.

நாடி பார்த்தேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு இருப்பதால் கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தெட்டு. வாட்சுக்குப் புது செல் போட வேண்டும்.

ஜூன் 12

கீழ்வீட்டு ஜைத்தூன் தூக்குப் பாத்திரத்தோடு படியேறி வந்தாள். இது சரித்திரச் சம்பவம். நாங்கள் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

தப்பு என்னுடையது என்று அவள் சொல்வாள். அவள் வீட்டுக்காரர் ஷாகுல் பாய்க்குச் சர்க்கரை எகிறிக்கொண்டிருந்தது. கால் புண்ணைத் துணியால் சுற்றிக்கொண்டு கல்யாண வீட்டில் பீர்னி, அதுதான் அந்தப் பால் இனிப்பு, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நாலு பேர் முன்னால், "பாய், இன்னொரு கிண்ணம் சாப்பிடுங்க, ஆறு மாசத்துல விரல எடுத்துருவாங்க" என்றேன். நான்காவது மாதமே இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். என் வாய்தான் எடுத்தது என்று ஜைத்தூன் முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் நான் விழுந்த அன்று சத்தம் கேட்டு ஓடி வந்தவள் அவள்தான். ஆட்டோவில் என் கையைத் தன் மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டே ஆஸ்பத்திரி வரை வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. கோபம் வேறு, எலும்பு வேறு.

இன்றுதான் முதல் பேச்சு.

"கறிக் கஞ்சி. சூடா இருக்கு."

"வெச்சுட்டுப் போ."

அவள் போகவில்லை. நின்று ஹால் தரையைப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா ஊரெல்லாம் சொல்றீங்களாமே சிஸ்டர்?"

"ஆமா."

"நான் வந்தப்ப நீங்க இங்கதானே கெடந்தீங்க? இந்த ஜன்னலுக்குக் கீழ. தரை காஞ்சு கெடந்துச்சு."

"வயசாயிட்டா ஞாபக மறதி வரத்தான் செய்யும் ஜைத்தூன்."

"எனக்கு அம்பத்திரண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கஞ்சி நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

ஜூன் 15

மணிவாசகமும் அவன் மனைவி கல்பனாவும் வந்தார்கள். கையில் ஒரு வழவழப்பான புத்தகம். கோயமுத்தூர்ப் பக்கம் வயதானவர்களுக்காகக் கட்டியிருக்கும் குடியிருப்பாம். அட்டையில் ஒரு கிழவனும் கிழவியும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறார்கள். அத்தனை பல்லும் அந்த வயதில் யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை.

"காலைல ஆறு மணிக்கு எல்லாரும் தோட்டத்துல கூடி சிரிப்புப் பயிற்சி பண்ணுவாங்க சித்தி" என்றாள் கல்பனா. நல்ல பெண். அவள் குரலில் கள்ளம் இல்லை.

"ஆறு மணிக்கு எழுப்பிவிட்டா அழத்தான்மா வரும்."

"சமையல் வேல இல்ல. துணி தோய்க்கிற வேல இல்ல."

"அப்ப பகல் பூரா என்ன செய்யணும்? சாகறதுக்குக் காத்திருக்கணுமா?"

"ஒவ்வொரு ரூம்லயும் சிவப்பு பட்டன் இருக்கு சித்தி. அமுக்குனா உடனே நர்ஸ் வருவாங்க."

"நானே நர்ஸ்தான்டி. நான் அமுக்குனா யாரு வருவா, நானேவா?"

கல்பனா சிரித்துவிட்டாள். மணிவாசகம் சிரிக்கவில்லை. அவனுக்கு அம்மா முகம். கோபம் வந்தால் கீழுதடு மட்டும் லேசாகத் துடிக்கும். கமலத்துக்கும் அப்படித்தான்.

"நீங்க ஒத்துக்கிற வரைக்கும் நான் விடமாட்டேன் சித்தி" என்றான். பிறகு கடைக்குப் போய் ரப்பர் விரிப்பும் இரண்டு ஸ்டீல் கைப்பிடியும் வாங்கி வந்து, தானே டிரில் போட்டுக் குளியலறைச் சுவரில் மாட்டினான். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. அங்கே போய் எதற்குடா கைப்பிடி என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 16

கைப்பிடியில் துண்டு காயப் போட்டிருக்கிறேன். வசதியாக இருக்கிறது.

ஜூன் 20

மார்க்கெட்டில் வெண்டைக்காய் பிஞ்சாக இருந்தது. ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, காய்கறிக்காரியின் மடியில் என் தலை இருந்தது. முகத்தில் தண்ணீர். சுற்றிலும் கால்கள். மார்க்கெட்டில் எத்தனை பேருக்குக் குதிகால் வெடிப்பு என்று பார்க்க நல்ல சந்தர்ப்பம்.

"வெயிலு. காலைல ஒண்ணும் சாப்பிடல" என்று எழுந்துகொண்டேன். மணி ஏழரை. வெயில் இன்னும் ஏறவேயில்லை. காய்கறிக்காரி பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வீடு வரை வந்துவிட்டுப் போனாள்.

வெண்டைக்காயில் பாதி முற்றல். மயங்கிக் கிடந்த நேரத்தில் யாரோ மாற்றிவிட்டார்கள்.

ஜூன் 21

நாடி நாற்பது. வாட்சுக்குப் புது செல் போட்டாயிற்று. இரண்டாம் தடவை எண்ணினேன். முப்பத்தெட்டு. மூன்றாம் தடவை எண்ணவில்லை.

ஜூன் 22

எட்டு மணிப் போன். "நல்லா இருக்கேன்டா. காலைல மூணு இட்லி தின்னேன்." தின்றது ஒன்று.

ஜூன் 24

ஜைத்தூன் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை தூக்குப் பாத்திரம் இல்லை. கதவைத் தட்டவும் இல்லை. நேராக உள்ளே வந்து எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மார்க்கெட்ல விழுந்தீங்களாமே."

"வெயில்."

"ஏழரை மணி வெயிலா?"

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு கையால் ஆய்வது தியானம் மாதிரி, மத்தியானம் ஆரம்பித்தால் மறுநாள் முடியும். அவள் பாதிக் கொத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு உருவ ஆரம்பித்தாள்.

"இவங்க விரல் போகும்னு நீங்க சொன்னப்ப உங்கள நான் என்ன பேச்சுப் பேசினேன். வாயில புழு வைக்கும்னுகூடச் சொன்னேன்."

"ஞாபகம் இருக்கு."

"ஆனா நீங்க சொன்னது நெசம். அன்னைக்கே கேட்டிருந்தா விரல் இருந்திருக்கும். ரெண்டு வருஷமா அது எனக்குத் தெரியும், கீழ உக்காந்து தெனம் நெனப்பேன். படியேறி வந்து சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு." கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இப்ப நான் சொல்றேன். உங்களுக்கு உடம்புல என்னமோ இருக்கு. அது உங்களுக்கே தெரியும். நாலு மாசத்துல நீங்க விழுந்தது இது மூணாவது தடவ. மாசி மாசம் ஒரு தடவ தடால்னு கேட்டுச்சு. இவங்க படிக்குக் கீழ நின்னு கேட்டதுக்கு, கதவத் தெறக்காமயே சட்டி விழுந்துச்சுன்னீங்க."

"சட்டிதான் விழுந்துச்சு."

"நீங்களும்தான் விழுந்தீங்க."

நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததை இந்த உறையூரில் பார்த்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

"உங்க அக்கா மவன் நம்பரு எங்கிட்ட இருக்கு. அன்னைக்குக் கைப்பிடி மாட்ட வந்தப்ப குடுத்துட்டுப் போனாரு. நான் பேச மாட்டேன். அது உங்க வேல. நீங்க தனியா இருங்க, யாரு வேணாங்குறா? எனக்கும் ஒருநாளாவது தனியா இருக்கணும்னு ஆசைதான். ஆனா பொய் சொல்லிக்கிட்டுத் தனியா இருந்தா, நீங்க செத்துக் கெடந்தா எனக்கு எப்படித் தெரியும்? சட்டி விழுந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்."

கீரையை முடித்துக் காம்புகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். சுத்தமாகத்தான் ஆய்ந்திருந்தாள்.

ஜூன் 25

சரி. எழுதிவிடுகிறேன். படிக்க யாரும் இல்லை, என் இடது கை எழுத்தை யாராலும் படிக்கவும் முடியாது.

குளியலறையில் வழுக்கவில்லை. ஹாலில் நின்றுகொண்டிருந்தேன், விளக்கை அணைத்தது போல ஆயிற்று. அதற்கு முன் மாசியில் ஒருதரம். மார்க்கெட் மூன்றாவது. இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று முதல் வருடம் படிக்கிற நர்ஸுக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் போகவில்லை என்று கேட்டால், டாக்டரிடம் போனால் மணிவாசகத்துக்குத் தெரியும், மணிவாசகத்துக்குத் தெரிந்தால் சைக்கிள் ஓட்டுகிற கிழங்களோடு சிரிக்கப் போக வேண்டும் என்று சொல்வேன். அது பாதிக் காரணம்.

மீதிப் பாதி இது. மூன்று வருடத்துக்கு முன் கமலம் கும்பகோணத்தில் தனியாகச் செத்துப்போனாள். மறுநாள் மத்தியானம்தான் பக்கத்து வீட்டார் பார்த்தார்கள். அதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, முதல் நாள் பகல் மூன்று மணிக்கு அவள் எனக்குப் போன் செய்தாள். "நெஞ்சு ஒரு மாதிரி எரியுதுடி நவநீ. முதுகு இழுக்குது. வேர்த்து வேர்த்து ஊத்துது." நான் அப்போது வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். "நேத்து கல்யாணத்துல எத்தன வட தின்ன?" என்று கேட்டேன். "நாலு" என்றாள். "கேஸ். சோடா குடிச்சுட்டுப் படு." அவளும் சிரித்தாள். "உன்னக் கேட்டா இப்படித்தான் சொல்லுவன்னு தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

பெண்களுக்கு மாரடைப்பு இப்படித்தான் வரும், கேஸ் என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள் என்று நர்ஸிங் பிள்ளைகளுக்கு வருடா வருடம் வகுப்பெடுத்தவள் நான்.

அதற்குப் பிறகு, கைக்கு மாவுக்கட்டு போட்டவரைத் தவிர, நான் எந்த டாக்டர் முன்னாலும் உட்காரவில்லை.

போதும். கை வலிக்கிறது.

ஜூன் 27

போனேன். ஜைத்தூனும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

நான் வேலை பார்த்த அதே பெரியாஸ்பத்திரி. என்னைத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மீதிப் பேர் என்னைப் பார்த்ததும் பழைய பயத்தில் எழுந்து நின்றார்கள். ஈ.சி.ஜி. காகிதம் வெளியே வரும்போதே தலைகீழாகப் படித்துவிட்டேன். இதயத்தின் மேல் அறைகள் தம் பாட்டுக்கு அடிக்கின்றன. அந்தச் சேதி கீழ் அறைகளுக்குப் போய்ச் சேருவதில்லை. கீழ் அறைகள் தாங்களாகவே மெதுவாக ஏதோ அடித்துக்கொள்கின்றன.

"அப்படின்னா?" என்று கேட்டாள் ஜைத்தூன்.

"மாடி வீடும் கீழ்வீடும் பேச்சுவார்த்தை இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர், ஐம்பது வயதுக்காரர், எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "பேஸ்மேக்கர் வெச்சாகணும் மேடம். இப்பவே அட்மிட் ஆயிடுங்க. இவ்வளவு நாள் வராம இருந்தது..." என்று இழுத்தார். பிறகு, "நீங்க நர்ஸ்தானே?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். அதனாலதான்."

மணிவாசகத்துக்கு நானே போன் செய்தேன். எட்டு மணி அல்லாத நேரத்தில் என் பெயரைப் பார்த்ததும் முதல் மணியிலேயே எடுத்தான். "சித்தி, என்னாச்சு?" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். ஹாலில் விழுந்தது, மார்க்கெட்டில் விழுந்தது, சட்டி எல்லாம். திட்டுவான் என்று நினைத்தேன்.

"கெளம்பிட்டேன்" என்றான்.

ஜூன் 30

நேற்று வைத்தாயிற்று. இடது தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாமான். உடம்புக்குள் இன்வெர்ட்டர். நாடி எழுபது. பதினாறு வயதுப் பெண்ணின் நாடி. மற்றதெல்லாம் அறுபத்தேழுதான்.

ஜூலை 2

வீடு வந்தேன். புதுக் கூத்து. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாதாம், நாலு வாரம். வலது கை ஏற்கெனவே மாவில். எழுதலாம், கரண்டி பிடிக்கலாம். தலை வாரக்கூடாது, நைட்டி தலைவழியாக மாட்டக்கூடாது, தையல் நனையக்கூடாது. பத்து நாளைக்குத் தனிக் குடித்தனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மணிவாசகம் லேப்டாப்போடு வந்து ஹாலில் பாய் விரித்துவிட்டான். குளிப்பாட்ட ஜைத்தூன். ஆயிரம் பேருக்கு உடம்பு துடைத்துவிட்டவள் நான், எனக்கு ஒருத்தி துடைக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெக்கமா சிஸ்டர்?"

"நீ துடைக்கிற லட்சணத்தப் பாக்க முடியல. முதல்ல முகம், அப்புறம் கழுத்து. நீ என்ன சுவத்துக்கு வெள்ளையா அடிக்கிற?"

"வாயிலயும் ஒரு மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருக்கலாம்" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு முகத்திலிருந்துதான் ஆரம்பித்தாள்.

ஜூலை 4

மணிவாசகம் எனக்குத் தலை வாரிவிட்டான். நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை, இதுவரை யாருக்கும் பின்னல் போட்டதில்லையாம். கண்ணாடியில் பார்த்தேன். எலி வால். அதில் ஒரு ரப்பர் பேண்டு, அலுவலகக் காகிதத்தில் போடுவது.

ஜூலை 6

காலையில் அந்தச் சைக்கிள் கிழவன் புத்தகத்தை மறுபடியும் எடுத்து வைத்தான்.

"இப்பவாவது ஒத்துக்குங்க சித்தி. மூணு தடவ விழுந்திருக்கீங்க. ஒரு தடவ எழுந்திருக்காமயே போயிருந்தா?"

"போயிருந்தா போயிருப்பேன்."

"உங்களுக்கு அது ஜோக்கு. எனக்கு ஒரு அம்மாவ அப்படிக் குடுத்தது போதும்."

இதற்கு மேல் வாயாடினால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. எதிரில் உட்காரச் சொன்னேன். கமலம் மூன்று மணிக்குப் போன் செய்ததைச் சொன்னேன். வடை, சோடா, கேஸ், எல்லாவற்றையும். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னேன். அப்படித்தான் சொல்ல வந்தது.

"நான் சொல்லியிருந்தா அவ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா. நான் சொன்னா கேப்பா. அதான் கேட்டா."

அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. கீழுதடு துடித்தது.

"எத்தன மணிக்குப் பண்ணாங்க?"

"மூணு. மூணு அஞ்சு."

"எனக்கு ரெண்டே முக்காலுக்குப் பண்ணாங்க" என்றான். "நாலு தடவ. நான் மீட்டிங்ல இருந்தேன். அப்புறம் கூப்பிடுறேன்னு மெசேஜ் போட்டேன்."

பிறகு, "அம்மாவுக்கு மெசேஜ் பாக்கத் தெரியாது. அதுகூட எனக்குத் தெரியும்" என்றான்.

அப்புறம்தான் அவள் எனக்குப் போன் செய்திருக்கிறாள். மூன்று வருடமாக இவன் எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்வதை நான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுவரில் ஒன்றும் இல்லை, நான்தான் காலண்டர்கூட மாட்டுவதில்லையே. அவன் அழுதான். எனக்குக் கண்ணைத் துடைக்க எந்தக் கையும் சரியாக எட்டவில்லை. தோள் துண்டை எடுத்து முதலில் என் மூக்கைத் துடைத்துவிட்டான், பிறகு அதிலேயே தன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சுகாதாரமே கிடையாது.

அப்புறம் எழுந்து போய் உப்புமா கிண்டினான். கட்டி கட்டியாக இருந்தது. இரண்டு பேரும் முழுவதும் தின்றோம்.

ஜூலை 7

இன்று பேசி முடித்தோம். அவன் பேசினான், நான் பேசினேன், நடுவில் ஜைத்தூன் கேட்காமலேயே பேசினாள்.

சைக்கிள் கிழவன் வேண்டாம். இதே வீடு. வெளிக்கதவின் ஒரு சாவி ஜைத்தூனிடம். எட்டு மணிக்கு இனிமேல் நான்தான் அவனுக்குப் போன் செய்வேன். செய்யாவிட்டால் அவன் கீழ்வீட்டுக்குச் செய்வான், கீழ்வீடு மேலே வரும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர். ஒரு தடவை தவறினாலும் கோயமுத்தூர்.

"விழுந்தா விழுந்தேன்னு சொல்லணும்" என்றான்.

"சொல்றேன்."

"எங்க விழுந்தீங்களோ அந்த எடத்தயும் சரியாச் சொல்லணும்" என்றாள் ஜைத்தூன்.

தனியாக வாழ இத்தனை பேர் கூடிப் பேச வேண்டியிருக்கிறது.

ஜூலை 11

ஷாகுல் பாய் பதினாறு படியையும் கைத்தடியோடு ஏறி வந்து நலம் விசாரித்தார். கொண்டு வந்தது பீர்னி. எனக்காம். "நான் தொடறதே இல்ல சிஸ்டர்" என்றார். மீசை ஓரத்தில் வெள்ளையாக இருந்தது. ஜைத்தூனிடம் சொல்லவில்லை. நேராக அவரிடமே, தனியாக, மெதுவான குரலில் சொன்னேன். நானும் திருந்துகிறேன்.

ஜூலை 15

மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். உள்ளே இருந்த கை என்னுடையது மாதிரியே இல்லை. மெலிந்து, செதில் செதிலாக, கருவாடு. வாசமும் அப்படித்தான். விரலை மடக்கினால் உயிர் போகிறது. பந்து வைத்து அமுக்கச் சொன்னார்கள். மணிவாசகம் வாங்கி வந்த பந்தில் ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருக்கிறது. அதன் கழுத்தை நெரிப்பதாக நினைத்துக்கொண்டு அமுக்குகிறேன், நன்றாக வருகிறது.

ஜூலை 18

வலது கையால் முதல் எழுத்து. இடது கை எழுத்தே இதைவிட மேல்.

ஜூலை 22

அவனை ஊருக்குப் போகச் சொல்லி மூன்று நாளாகிறது. "இன்னும் ரெண்டு நாள் இருக்கேன் சித்தி" என்கிறான். கல்பனா போனில், "இருக்கட்டும் சித்தி, இங்க வீடு அமைதியா இருக்கு" என்கிறாள். அவளுக்கும் தனியாக இருப்பதன் ருசி தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அவன் இருந்தால் என்ன என்று ஒருகணம் நினைத்ததையும் எழுதிவைக்கிறேன். காலையில் இரண்டு டம்ளர் காபி கலப்பது கெட்ட பழக்கம். சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஜூலை 24

இன்று காலை ரயிலேற்றிவிட்டேன். அவன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஜங்ஷன் வரை போனேன். புடவை கட்டிக்கொண்டு போனேன். ஜாக்கெட் கொக்கிக்கு மட்டும் ஜைத்தூன்.

பிளாட்பாரத்தில் ரயில் நகரும் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"சென்னைக்கு வரவே மாட்டீங்களா சித்தி?"

"தீபாவளிக்கு வரேன். மூணு நாள். நாலாம் நாள் நீயே ரயிலேத்தி விட்டுரணும்."

"அஞ்சு நாள்."

"மூணர."

வண்டி நகர்ந்தது. நான்கு வயதில் கும்பகோணத்தில் இருந்து என்னோடு வருவேன் என்று அழுதவன், இன்று தலையை வெளியே நீட்டிக் கையாட்டிக்கொண்டே போனான். தலையை உள்ளே இழுடா என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற போர்ட்டர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து நகர்ந்துகொண்டார்.

டவுன் பஸ் பிடித்துத் தனியாகவே வந்தேன். ஆட்டோவில் போங்கள் என்று சொல்லியிருந்தான். பஸ்ஸில் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள், உட்கார்ந்தேன், நன்றி சொன்னேன். முன்பெல்லாம் முறைப்பேன். மார்க்கெட்டில் இறங்கி ஒரு கட்டு பொன்னாங்கண்ணி வாங்கினேன். ஒருவருக்கு ஒரு கட்டு போதும். பதினாறு படியையும் ஏறினேன், பாதியில் ஒரு தடவை நின்றேன், நின்றதில் வெட்கமில்லை.

கதவைத் திறந்தேன். ஹாலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. யாரும் இல்லை.

அப்பாடா.